சின்னதாக்கிப் பேசும் மாலுமியுடன் தன்னாமுனைக்கு

கடந்த ஆவணியில் நான்கு நாள் மட்டக்களப்பில் இருந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை; ஒருவருக்கு மொழிபெயர்க்கப் போனேன். ஆனாலும் இதைப் பயணப் பதிவாகவே எழுதுகிறேன். ரயில் நேரமும் ஓட்டோக் கூலியும் தேடி இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அவை இதில் இருக்கின்றன. மற்றதையும் சேர்த்துப் படித்தால் சந்தோஷப்படுவேன்.

நான் வெள்ளவத்தையில் ஸ்பானிய மொழி கற்பிப்பவள். வகுப்பு இல்லாத நேரத்தில் மொழிபெயர்ப்பு. ஆவணி தொடங்கி ஒரு வாரத்தில் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். வில்மர் என்று ஒரு பெரு நாட்டு மாலுமி, ஸ்பெயின்காரர்களின் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தவர், மொரிசியசில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்குகிறார் என்றாள். மொரிசியசிலிருந்து பெருவுக்குப் போகும் வழியில் கொழும்பு இல்லையே என்றேன். "அது அவருக்கும் தெரியும் மிஸ்" என்றாள்.

விஷயம் இதுதான். அந்தக் கப்பலில் வில்மரோடு வேலை செய்த குமார் என்பவர் போன வருடம் கடலில் இறந்துபோனார். உடல் கிடைக்கவில்லை. அவருடைய வீடு தன்னாமுனையில். மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே, ஏறாவூருக்குப் போகும் வழியில், வாவிக் கரையை ஒட்டிய ஊர். ஆண்டுத் துவசம், முதல் திவசம், நெருங்கியிருந்தது. அதற்கு முன் குமாரின் மனைவியைக் கண்டு, நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காக வில்மர் வந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் வராது. எனக்கு இப்படியான வேலை பிடிக்காது. சாவு வீட்டில் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்து அழுகையையும் வாங்கி மாற்றிக் கொடுக்க நான் படிக்கவில்லை. ஆனால் மறுக்க வாய் வரவில்லை.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு ஐந்துக்குப் புறப்படும் ரயிலில் போனோம். இரண்டாம் வகுப்பு முன்பதிவு, ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய். தூரம் ஏறத்தாழ முந்நூற்று ஐம்பது கிலோமீற்றர். பொலநறுவைக்கு அப்பால் ரயில் ஊர்ந்துதான் போகும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். ரயிலில் விற்கும் வடையை மட்டும் நம்பி ஏறாதீர்கள். நான் இதை மூன்றாவது பதிவில் சொல்கிறேன், கேட்பார்தான் இல்லை.

வில்மருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆறடிக்கு மேல் உயரம். இடது சுண்டுவிரலின் நுனி இல்லை. இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் முன்னிருக்கையை முட்டியது. இவ்வளவு பெரிய உடம்புக்குள் இருந்து வந்த பேச்சு என்னவோ குழந்தைக்குச் சோறூட்டும் பேச்சாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் வகுப்பெடுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லின் வாலில் ஒரு துண்டை ஒட்டி அதைச் சின்னதாக்கலாம், பெரிதாக்கலாம். காசா என்றால் வீடு. காசித்தா என்றால் சின்ன வீடு. காசோனா, மாளிகை போன்ற வீடு. பெர்ரோ என்றால் நாய். பெர்ரித்தோ நாய்க்குட்டி, அல்லது நமக்குப் பிடித்த நாய். பெர்ராசோ, கண்டதும் வேலியேறிக் குதிக்க வேண்டிய நாய். அளவு மட்டும் அல்ல. சின்னதாக்கினால் அன்பு வரும், மரியாதை வரும், கெஞ்சல் வரும், சில வேளை ஏளனமும் வரும். பெரிதாக்கினால் வியப்பு, பயம், சில வேளை அடி. புவெர்த்தா கதவு, போர்த்தாசோ, அந்தக் கதவை அறைந்து சாத்துவது. பலாப்ரா சொல், பலாப்ரோத்தா, வாயில் வரக்கூடாத சொல்.

பெரு நாட்டவர்கள் இதில் ஒரு படி மேல். தண்ணீரை அக்வித்தா என்பார்கள், தண்ணீர்க் குட்டி. 'இப்போது' என்பதற்குக்கூட ஒரு வால் ஒட்டி அஓரித்தா என்பார்கள். அந்த இப்போது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பில் இதையெல்லாம் தாளிதம் என்று சொல்லிக் கடந்துபோவேன். மொழிபெயர்க்கும்போது வால்களை ஒட்ட வெட்டிவிடுவேன். ஒப்பந்தப் பத்திரத்திலும் மருத்துவ அறிக்கையிலும் அவற்றால் ஒரு பயனும் இல்லை. இதுவரை எந்த வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை.

வில்மர் ரயிலில் தேநீர்க் குட்டி கேட்டார். ஜன்னலில் வெயில் குட்டி அடிக்கிறது என்றார். பொல்காவலையில் ஏறிய அம்மாவுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்து 'ஒரு நேரக் குட்டி' நின்றுகொண்டே வந்தார். அது ஒன்றரை மணித்தியாலம். கடலைப் பற்றிப் பேசும்போது மட்டும் சொற்கள் வளர்ந்தன. ஓலா என்றால் அலை, அவர் வாயில் அது ஓலோன். காற்று வெந்தார்ரோன். அவருக்கு உலகம் இரண்டு அளவில்தான் இருந்தது: கரையில் எல்லாம் சின்னது, கடலில் எல்லாம் பெரியது. பெயர்களும் அப்படித்தான். குமாரை அவர் ஒருமுறைகூடக் குமார் என்று சொல்லவில்லை. குமார்சித்தோ.

பொலநறுவை தாண்டியதும், தன்னாமுனையில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது என்று ஒரு சாக்கும் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் சொன்னார். கப்பலில் மைல் கணக்கில் நீளும் தூண்டில் கயிறு. அதை இழுத்தெடுக்கும் வேலை இரண்டு இரவும் ஒரு பகலுமாக நடந்தது, யாரும் தூங்கவில்லை. விடிந்தபோது கடல் அசையாமல் கிடந்தது. கயிறு கப்பலுக்கு அடியில் எதிலோ சிக்கிவிட்டது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். கயிறு ஏறும் பக்கத்தில் தடுப்பு இடுப்பளவுதான் இருக்கும். குமார் அங்கே நின்றார். வில்மர் நான்கு மீற்றர் தள்ளிக் கையில் கத்தியோடு நின்றார். குமார் தடுப்பில் ஏறி உட்கார்ந்தார். ஒரு காலைப் போட்டார், மற்றக் காலைப் போட்டார், இறங்கிப் போய்விட்டார். வழுக்கவில்லை, தடுமாறவில்லை, சத்தம் போடவில்லை. த்ரங்கிலித்தோ, என்றார் வில்மர். அமைதியாக, மெல்ல மெல்ல. முழங்கால் வரை சப்பாத்து, மேலே ரப்பர் உடுப்பு. தண்ணீர் நிறைந்ததும் அவை ஆளை இழுத்துக்கொண்டன. மிதவை வளையம் போட்டார்கள், படகு இறக்கினார்கள், மறுநாள் பொழுது சாயும்வரை தேடினார்கள்.

"ஒரு செகுந்தித்தோ பார்த்துக்கொண்டு நின்றேன்" என்றார். ஒரு நொடிக் குட்டி. "அவன் அவ்வளவு அமைதியாகப் போனதால், என்ன நடக்கிறது என்று எனக்குப் படவில்லை. அந்த நேரத்தில் கத்தியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பான்."

கப்பல் அறிக்கையில் தவறி விழுந்ததாக எழுதினார்கள். ஆனால் கப்பலில் எல்லோருக்கும் தெரியும், வில்மருக்கும் தெரியும்: அவர் தானாகவே போனார். ஆழ்கடல் பழகிய எவனும் அந்தத் தடுப்புக்கு வெளியே காலை வைக்கமாட்டான். சாக முடிவெடுத்தவன்தான் வைப்பான்.

தவறி விழுந்தார் என்றே சொல்லிவிடுங்களேன் என்றேன். அந்தப் பெண்ணுக்கு அது போதும் என்றும் சொன்னேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வில்மர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பொய் சொல்வதற்கென்றால் கடிதம் போட்டிருப்பேன் என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்த நொடியை அவர் குட்டியாக்கியது அது சிறியது என்பதால் அல்ல. முழு அளவில் அதை அவரால் தூக்க முடியவில்லை.

மூன்று இருபதுக்கு மட்டக்களப்பு நிலையம். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட லொட்ஜ், அறைக்கு நாலாயிரத்து ஐந்நூறு; விசிறி, கொசுவலை, குளிக்கத் தாராளமாகத் தண்ணீர். இரண்டு அறை எடுத்தோம். மாலையில் பாலத்தில் நடந்தோம். ஆவணியில் வாவித் தண்ணீர் இறங்கிக் கிடக்கும். கரையிலிருந்து வெகுதூரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் நின்று வலை பார்த்தார்கள். நான் அதை ஒரு காட்சியாக மட்டும் பார்த்தேன். படமும் எடுத்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஓட்டோ பிடித்தோம். தன்னாமுனை ஏழு கிலோமீற்றர், தொள்ளாயிரம் ரூபாய். ஓட்டோக்காரர் ஐம்பது வயதுக்காரர், வில்மரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"டீச்சர், யார்ட வீட்ட போறீங்க?"

கப்பலுக்குப் போன குமார் என்று சொன்னேன்.

"ஓ, அந்தக் கப்பல்ல குதிச்ச ஆள்ட வீடு. ஓம், தெரியும்." கொஞ்சத் தூரம் போய்விட்டு, "பாவம் அந்தப் புள்ள. வீட்டுல ஏதோ சண்ட கொளுவலாம் எண்டு கதைக்காங்க. நமக்கென்ன தெரியும்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று வில்மர் கேட்டார். வெயில் அதிகம் என்கிறார் என்றேன். அன்று நான் சொன்ன முதல் பொய்.

வாவியைப் பார்த்த சிறிய கல்வீடு. குமாரின் மனைவி வசந்திக்கு நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு வயது. அவளுடைய அண்ணன் நவம் பக்கத்து வளவில் இருக்கிறார், வாவியில் மீன் பிடிக்கிறவர். மட்டக்களப்புப் பக்கம் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். குமாரும் தெற்கே ஒரு வாவிக்கரை ஊரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவர். இருபது வருடம் மச்சான் நவத்தோடு ஒரே தோணியில் போனார். பிறகு வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் போய் ஒரு வருடம் கடலில் பழகி, அந்த அனுபவத்தைக் காட்டிக் கப்பலுக்குப் போனார். மகள்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

வசந்தி தேநீர் ஊற்ற உள்ளே போனாள். உதவுகிறேன் என்று நானும் போனேன். அடுப்படியில் அவள் திரும்பாமலே பேசினாள்.

"அக்கா, அவரு குதிச்சிட்டாரு எண்டு ஏஜென்சிக்காரன் போன்ல சொன்னவன். ஊரெல்லாம் தெரியும். அதுக்கு நாலு நாளைக்கு முதல் ஞாயித்துக்கிழம போன்ல அவரோட நான் சண்ட பிடிச்சனான். இன்னும் ஆறு மாசம் நிக்கப்போறன் எண்டாரு. அப்பிடியெண்டா அங்கயே கிடங்க, இனி இஞ்ச வர வேணாம் எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன். நான் எடுத்த எடுப்பில சொன்னது. மறுகா அவர் எடுக்கல்ல. இத நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. அண்ணனுக்கும் தெரியா."

"இதை வில்மரிடம் கேட்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். கேக்க வேணாம்" என்றாள். கோப்பைகளைத் தட்டில் வைத்தாள். "நான்தான் அவர அனுப்பினன் எண்டு வெள்ளக்காரர் வாயால கேக்க எனக்கு ஏலா."

வில்மர் வெள்ளைக்காரர் இல்லை, என்னை விடக் கறுப்பு. அதைத் திருத்தும் நேரமா அது. தேநீர்த் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெண்ணின் ஒரு வருடமும் இனி நான் திறக்கப்போகும் வாயில் இருந்தது.

வில்மர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ரயிலில் சொன்னதையே சொன்னார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். வழக்கம்போல வால்களை வெட்டினேன். இரண்டு இரவு தூங்கவில்லை. கடல் அமைதியாக இருந்தது. கயிறு சிக்கியது. குமார் இறங்கினார். வசந்தி தலையைக் குனிந்தபடி, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். நான் பேசி முடித்தபோது வில்மர் என்னைப் பார்த்தார்.

"நான் இவ்வளவு சொன்னேன். உங்கள் மொழியில் இவ்வளவுதான் வந்தது" என்று இரண்டு கையையும் விரித்து, பிறகு ஒடுக்கிக் காட்டினார். "அவன் எப்படிப் போனான் என்று சொன்னீர்களா? த்ரங்கிலித்தோ. அதைச் சொல்லுங்கள். அதற்காகத்தான் வந்தேன்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. மறுபடி சொன்னேன். சத்தமில்லாமல், அவசரமில்லாமல், மெல்ல மெல்ல, பக்குவமாக இறங்கினார் என்றேன். இப்போது நவம் நிமிர்ந்தார். அதுவரை அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"கயிறு கையில இருந்ததா எண்டு கேளுங்க."

கேட்டேன். இருந்தது என்றார் வில்மர். இடது கையில்.

"மற்றக் கை?"

வில்மர் யோசித்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் திருப்பி, அதன் முதுகைத் தடுப்பாக வைத்துச் செய்துகாட்டினார். வலது கை தடுப்பைப் பிடித்திருந்தது. உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கால், மற்றக் கால், கையை விடாமல் மெல்லச் சரிந்து. அந்தப் பெரிய மனிதர் நாற்காலியோடு அப்படிச் சரிவதைப் பார்க்க வேறு நேரமென்றால் சிரிப்பு வந்திருக்கும். நவம் எழுந்துவிட்டார்.

"இவர கரைக்குக் கூட்டி வாங்க" என்றார். "வசந்தி, நீயும் வா."

கரை நூறு மீற்றர் தூரம். அவருடைய தோணி கட்டையில் கட்டிக்கிடந்தது. நவம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோணியில் ஏறி, கம்பால் தள்ளி, இருபது மீற்றர் தள்ளிப் போய் நின்றார். ஒரு பழைய வலையை இறக்கினார். சிக்கியதைப் போல இழுத்துப் பார்த்தார். பிறகு வலைக் கயிற்றை இடது கையில் பிடித்தார். தோணியின் விளிம்பில் உட்கார்ந்தார். வலது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் போட்டார், மற்றக் காலைப் போட்டார், உடம்பைச் சரித்து இறங்கினார். தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்தார்.

"வல கல்லில பட்டா நாங்க இழுக்கமாட்டம்" என்று அங்கிருந்தே சொன்னார். குரல் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. "இழுத்தா கிழிஞ்சிரும். இறங்கித்தான் எடுக்கிற. தொபுக்கெண்டு குதிச்சா மீன் கலைஞ்சிரும், அதால இப்பிடித்தான் இறங்கிற. நான் பழக்கினனான் அவன. இருபது வருசம் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இறங்கினவன். ரெண்டு ராத்திரி நித்திர இல்ல. விடியக்குள்ள தண்ணி அசையாமக் கிடந்திருக்கு. கயிறு சிக்கியிருக்கு. அவன்ட உடம்பு இறங்கியிருக்கு. மச்சான் குதிக்கல்ல."

நான் மொழிபெயர்க்கத் திரும்பினேன். தேவைப்படவில்லை. வில்மர் மணலில் முழங்காலில் இருந்தார். "ஏசே மிஸ்மித்தோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மிஸ்மோ என்றால் அதே. அதற்கும் ஒரு வால். அதே, அதேயேதான். பிறகு அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். ஆழ்கடல் தெரிந்த ஒருவருக்கும் அந்தக் கப்பலில் இது விளங்கவில்லை, விளங்கவும் முடியாது. அவர்களில் யாரும் நெஞ்சளவுத் தண்ணீரில் வேலை பார்த்தவர்கள் இல்லை.

வசந்தி அழவில்லை. தண்ணீரில் நிற்கும் அண்ணனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "இத எழுதித் தாங்க அக்கா" என்றாள்.

எழுதினேன். மறுநாள் முழுவதும் லொட்ஜில் உட்கார்ந்து, ஸ்பானியத்திலும் தமிழிலும் ஒரு பக்கம். வில்மர் கையெழுத்துப் போட்டார். துவசம் அதற்கடுத்த நாள். குமாரின் தம்பி வந்து கிரியைகளைச் செய்தார். ஐம்பது, அறுபது பேர் வந்திருந்தார்கள். சோறு போடுவதற்கு முன் நவம் எல்லோரையும் இருக்கச் சொல்லி, அந்தத் தாளை என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கயிறு இடது கையில், வலது கை தடுப்பில், சத்தமில்லாமல், வேலை செய்ய இறங்கினார். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வாவியில் தொழில் செய்கிறவர்கள். வாசித்து முடித்தபோது பின்வரிசையில் ஒரு கிழவர், "ஓம், அப்பிடித்தான் இறங்கிற" என்றார். பிறகு பந்தி வைத்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வாவி பார்ப்பதென்றால் ஆடி, ஆவணி, புரட்டாதி நல்லது. மாரியில் தண்ணீர் ஏறிவிடும். ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் திருவிழா, அந்த நாட்களில் லொட்ஜ் கிடைக்காது, ஒரு மாதம் முந்தியே சொல்லி வையுங்கள். திரும்பும் ரயில் காலையில் இருக்கிறது, நேரத்தை நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள், மாற்றிவிடுவார்கள். ஓட்டோவில் ஏறுமுன் கூலி பேசுங்கள். தண்ணீரில் நிற்கிறவர்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்; அது அவர்களுக்கு வேலை நேரம். நான் பாலத்தில் எடுத்த படத்தை அழித்துவிட்டேன். மொழி படிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வால்களை வெட்டாதீர்கள் என்றும் சொல்லி வைக்கிறேன். பதினெட்டு வருடமாக வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது பிழை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். துவசத்துக்கு வந்தவர்கள் போய் முடிய மூன்றரை மணியானது. வில்மரும் நானும் நான்கு மணிக்கு ஓட்டோ சொல்லியிருந்தோம். கிணற்றடியில் வசந்தி பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை நிறுத்தினாள்.

"அக்கா, இப்ப கேளுங்க" என்றாள். "குதிக்கல்ல எண்டு தெரியும். ஆனா நான் சொன்னது அவர்ட நெஞ்சுல கிடந்திருக்கும்தானே. அதோடதானே இறங்கியிருப்பார். என்ன சொன்னனான் எண்டு அவருக்குச் சொல்லிட்டே கேளுங்க."

வில்மரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசி, இனி வர வேண்டாம் என்ற சொல், எல்லாவற்றையும் அவள் சொன்ன அளவிலேயே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வில்மர் கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று அவர் முகம் விரிந்தது. நான்கு நாளில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அந்த ஞாயிறா? எங்கள் எல்லோருக்கும் தெரியுமே" என்றார். குமாருக்கு நாற்பது ஸ்பானியச் சொற்கள் வரும். எல்லாம் வில்மரிடம் கற்றவை, அதனால் எல்லாவற்றுக்கும் வால் உண்டு. அன்று தொலைபேசியை வைத்துவிட்டுச் சாப்பாட்டு அறைக்குள் வந்து, ரொட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, 'மி வசந்தித்தா, பிராவித்தா' என்று சொன்னாராம். பிராவா என்றால் கடும் கோபத்தில் இருப்பவள். எவ்வளவு கோபம் என்று யாரோ கேலியாகக் கேட்டதற்கு விரலால் காட்டினாராம். மேசையே சிரித்ததாம். அவரும் சிரித்தாராம். பிறகு இரண்டாம் தரம் சூப் வாங்கிக் குடித்தாராம். மறுநாள் எடுத்துப் பேசுகிறேன் என்றவர், கப்பல் தூரக் கடலுக்குப் போனதில் தொடர்பு கிடைக்காமல் போய்விட்டது.

வாலை விடாமல் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

"என்ட வசந்திக் குட்டிக்கு என்னோட ஒரு சின்னக் கோவம் எண்டு சொன்னவராம்" என்றேன். என் வாயில் அவளுடைய பேச்சே வந்தது. "சொல்லிப்போட்டு ரெண்டாந்தரமும் சூப் வாங்கிக் குடிச்சவராம்."

வசந்தி என்னைப் பார்க்கவில்லை, வில்மரைப் பார்த்தாள்.

"எவ்வளவு சின்னன் எண்டு காட்டினவர்?"

வில்மர் என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து உயர்த்தினார். நடுவில் ஒரு நெல் போகும் அளவு இடைவெளி இருந்தது. வசந்தி ஈரக் கையோடு எழுந்து வந்து, அந்த விரல்களைக் கிட்ட நின்று பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

வில்மர் தலையாட்டினார்.